இணையச் சட்டங்களைப் பின்பக்கத்திலிருந்து படிப்பது

இணையத்தில் தனிமனித சுதந்திரத்துக்கும் அரசின் கட்டுப்பாட்டுக்கும் நடுவே சமநிலை காண்பது எப்படி, எல்லைக்கோட்டை எங்கே போடுவது என்பது கேள்வி. அடிக்கடி கேட்கப்படுவதுதான். இதற்கு வருகிற பதில்களில் பெரும்பாலானவை "இரண்டும் தேவை, அளவோடு தேவை" என்று முடிந்துவிடும். அது தப்பில்லை. ஆனால் அதை வைத்துக்கொண்டு எந்தச் சட்டத்தையும் நல்லது, கெட்டது என்று பிரிக்க முடியாது. எந்த அரசிடம் கேட்டாலும் தன் சட்டம் அளவானது என்றுதான் சொல்லும்.

எனக்குத் தராசு உவமையிலேயே நம்பிக்கை இல்லை. தராசில் ஒரு தட்டு ஏறினால் மற்றது இறங்க வேண்டும். இணையத்தில் அப்படி நடப்பதில்லை. உங்கள் தகவல்களை நிறுவனம் உங்களைக் கேட்காமல் விற்கக் கூடாது என்று அரசு சட்டம் போட்டால் கட்டுப்பாடும் கூடுகிறது, உங்கள் சுதந்திரமும் கூடுகிறது. செய்திச் செயலிகளின் பூட்டுக்கு மாற்றுச் சாவி செய்து தா என்று அரசு கேட்டால் சுதந்திரமும் குறைகிறது, பாதுகாப்பும் குறைகிறது. ஆகவே "எவ்வளவு கட்டுப்பாடு?" என்ற கேள்வியை நான் அதிகம் கேட்பதில்லை. எது தப்பு என்று முடிவு செய்வது யார், எந்தச் சொற்களை வைத்து முடிவு செய்கிறார், பாதிக்கப்பட்டவருக்கு அந்த உத்தரவின் நகல் கிடைக்குமா, தவறாகிவிட்டால் எங்கே போய் முறையிடுவது? சட்டம் நல்லதா என்பதை இவற்றில்தான் பார்க்க முடிகிறது என்பது என் அனுபவம்.

முதலில் ஒரு பழைய கற்பனையை ஓரமாக வைத்துவிடலாம். 1996 பிப்ரவரி 8 அன்று ஜான் பெர்ரி பார்லோ என்ற அமெரிக்கர் சுவிட்சர்லாந்தின் டாவோஸ் நகரிலிருந்து இணையத்துக்கு ஒரு சுதந்திரப் பிரகடனமே வெளியிட்டார். அரசுகளே, எங்கள் வெளியில் உங்களுக்கு வேலையில்லை என்பது அதன் சாரம். அதே நாளில்தான் அமெரிக்காவின் புதிய தொலைத்தொடர்புச் சட்டம் கையெழுத்தானது. அதற்குள் இணையத்தில் 'அநாகரிகமான' பேச்சைத் தண்டிக்கும் பகுதி இருந்தது. அடுத்த ஆண்டே அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அந்தப் பகுதியை ரத்து செய்தது. ஆனால் கூடவே வந்த 230-ஆவது பிரிவு நிலைத்துவிட்டது: பயனர் எழுதியதற்குத் தளத்தைப் பொறுப்பாளியாக்கக் கூடாது என்கிற பிரிவு. இன்றைய சமூக ஊடக நிறுவனங்கள் அத்தனையும் அதன் நிழலில் வளர்ந்தவை. இணையம் சட்டத்துக்கு வெளியே பிறந்து வளர்ந்ததாகச் சொல்பவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். கட்டற்றது என்று நாம் நினைத்த அந்த இணையத்தை உருவாக்கியதே ஒரு சட்டப் பிரிவுதான்.

அரசு முற்றிலும் ஒதுங்கிக்கொண்டால் என்ன ஆகும் என்பதற்கு மியான்மர் ஒன்றே போதும். அங்கே லட்சக்கணக்கானோருக்கு இணையம் என்றாலே ஃபேஸ்புக்தான் என்கிற நிலை சில ஆண்டுகளுக்குள் வந்தது. ரோஹிங்யா மக்கள் மீதான வெறுப்பு அங்கே தடையில்லாமல் பரவியது. 2017-இல் லட்சக்கணக்கானோர் வங்கதேசத்துக்கு ஓடினார்கள். வன்முறையைத் தூண்ட எங்கள் தளம் பயன்பட்டதைத் தடுக்கப் போதிய அளவு செய்யவில்லை என்று 2018 நவம்பரில் அந்த நிறுவனமே ஒப்புக்கொண்டது. ஆரம்ப ஆண்டுகளில் பர்மிய மொழி தெரிந்து புகார்களைப் பார்க்க அவர்களிடம் விரல்விட்டு எண்ணும் அளவுக்குத்தான் ஆட்கள் இருந்தார்கள். போதாக்குறைக்கு அங்கே பலர் யூனிகோடில் எழுதாமல் ஸாஜி என்ற எழுத்துருக் குறியீட்டில் எழுதினார்கள். இயந்திரங்களால் அதைச் சரியாகப் படிக்கக்கூட முடியவில்லை. யூனிகோடுக்கு முன்பு தமிழுக்கு இருந்த குறியீடுகளில் ஒன்றான திஸ்கி காலத்துத் தமிழை நினைவில் வைத்திருப்பவர்களுக்கு இது நன்றாகவே புரியும். ஆங்கிலம் அல்லாத மொழிகளில் எழுதுகிற நமக்கெல்லாம் இதில் ஒரு பாடம் இருக்கிறது. நிறுவனத்துக்கு நம் மொழி தெரியாவிட்டால் கொலைவெறிப் பேச்சு அப்படியே கிடக்கும், வசைச்சொல்லை மேற்கோள் காட்டிக் கண்டித்தவரின் கணக்கு முடங்கும்.

ஆகவே ஏதோ ஒரு சட்டம் வேண்டும். சரி, என்ன மாதிரிச் சட்டம்?

அரசுகளுக்கு உடனே தோன்றுவது: நிறுவனத்துக்குக் கெடு வை, மீறினால் அபராதம் போடு. ஜெர்மனி 2018 தொடக்கத்திலிருந்து இதை முழுமையாகச் செயல்படுத்தியது. வெளிப்படையாகச் சட்டவிரோதமான பதிவு என்றால் புகார் வந்த 24 மணி நேரத்துக்குள் நீக்க வேண்டியிருந்தது. இந்தக் கடமையில் தொடர்ந்து தவறினால் அபராதம் 5 கோடி யூரோ வரை போகலாம் என்றிருந்தது. பிரான்ஸ் 2020-இல் இன்னும் ஒரு படி மேலே போய், வெறுப்புப் பேச்சுக்கு 24 மணி நேரம், பயங்கரவாதம் அல்லது குழந்தைகளைப் பாலியல் ரீதியாகக் காட்டுவது என்று அதிகாரிகள் சுட்டிக்காட்டினால் ஒரு மணி நேரம் என்று சட்டம் இயற்றியது. அது நடைமுறைக்கு வரும் முன்பே, 2020 ஜூனில், அந்நாட்டு அரசியலமைப்பு மன்றம் அதன் மையப் பகுதியை அடித்துவிட்டது.

ஏன் அடித்தது என்பதுதான் கவனிக்க வேண்டியது. நிறுவனத்தின் நாற்காலியில் உட்கார்ந்து யோசித்துப் பாருங்கள். உங்கள் மேசையில் ஒரு புகார். பதிவு சட்டவிரோதமா, கடுமையான விமர்சனமா என்று உறுதியாகத் தெரியவில்லை. விட்டுவைத்து, அது தப்பாகிவிட்டால் கோடிக்கணக்கில் அபராதம். நீக்கிவிட்டு, அது தப்பாகிவிட்டால்? எழுதியவர் கொஞ்ச நேரம் புலம்புவார், அவ்வளவுதான். மணிக்கு ஆயிரம் புகார் வருகிற இடத்தில் இந்தக் கணக்குக்கு ஒரே விடைதான் உண்டு: சந்தேகம் வந்தால் நீக்கு. அரசு ஒரு சொல்லைக்கூடத் தணிக்கை செய்யவில்லை; ஆனாலும் தணிக்கை நடந்துவிட்டது. அதுவும் நீதிபதி இல்லாமல், விசாரணை இல்லாமல், தீர்ப்பு இல்லாமல். அரசு நேரடியாகச் செய்திருந்தாலாவது நீதிமன்றத்தில் நிறுத்தியிருக்கலாம். இங்கே யார் மீது வழக்குப் போடுவது?

கெடுவை விடவும் ஆபத்தானது சட்டத்தின் சொற்கள். இந்தியத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவை இன்னும் பலருக்கு நினைவிருக்கும். கணினி வழியாக "மிகவும் புண்படுத்துகிற" செய்தி அனுப்பினாலும், பொய் என்று தெரிந்தே எரிச்சலூட்டவோ சங்கடப்படுத்தவோ எதையாவது அனுப்பினாலும் மூன்று ஆண்டு வரை சிறை. எரிச்சல் என்றால் என்ன? எனக்கு எரிச்சல் தருவது உங்களுக்குச் சிரிப்பு. 2012-இல் மகாராஷ்டிரத்தில் ஓர் அரசியல் தலைவர் இறந்ததையொட்டி ஊரே கடையடைத்ததைக் கேள்வி கேட்டு ஃபேஸ்புக்கில் எழுதிய ஓர் இளம்பெண்ணைக் கைது செய்தார்கள். அந்தப் பதிவுக்கு லைக் போட்ட தோழியையும் சேர்த்து. 2015 மார்ச் 24 அன்று ஸ்ரேயா சிங்கால் வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்தப் பிரிவை முழுவதுமாக ரத்து செய்தது.

அந்தத் தீர்ப்பில் எனக்கு மிகவும் பயன்பட்டது அது பேச்சை மூன்றாகப் பிரித்த விதம். ஒன்றைப் பற்றி விவாதிப்பது, ஒன்றை ஆதரித்துப் பேசுவது, ஒன்றைச் செய்யும்படி தூண்டுவது. முதல் இரண்டும் எவ்வளவு கசப்பாக இருந்தாலும் பாதுகாக்கப்பட்டவை. தூண்டுதல் என்ற நிலையை எட்டும்போதுதான் சட்டம் கை வைக்கலாம். எந்த நாட்டுச் சட்டத்தைப் படித்தாலும் நான் இந்த மூன்றையும் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் படிக்கிறேன். 'தீங்கான', 'தவறாக வழிநடத்தும்', 'சமூக நல்லிணக்கத்துக்கு ஒவ்வாத' போன்ற சொற்கள் வரும்போதெல்லாம் இது மூன்றில் எதைச் சொல்கிறது என்று கேட்டுப் பாருங்கள். பல நேரம் மூன்றையும் சேர்த்தே சொல்லும்.

இந்தக் கதைக்கு ஒரு பின்குறிப்பு உண்டு. ரத்தாகி ஆறு ஆண்டுகள் கழித்தும் காவல் நிலையங்களில் 66ஏ-வின் கீழ் வழக்குகள் பதிவாகிக்கொண்டே இருந்தன. 2021 ஜூலையில் இது உச்ச நீதிமன்றத்தின் முன் வந்தபோது நீதிபதிகளே அதிர்ச்சி தெரிவித்தார்கள்; அப்புறம் உள்துறை அமைச்சகம் மாநிலங்களுக்குச் சுற்றறிக்கை அனுப்பியது. மோசமான சட்டத்தைப் போட்டுவிட்டு நீதிமன்றம் பார்த்துக்கொள்ளும் என்று இருப்பவர்களுக்கு இதைத்தான் சொல்வேன். தீர்ப்பு டெல்லியில் வந்துவிடும். அது காவல் நிலைய எழுத்தரின் மேசைக்குப் போய்ச் சேர எத்தனை ஆண்டாகும் என்று யாருக்குத் தெரியும்?

இப்போது ரகசியத்துக்கு வருகிறேன். என்னைக் கேட்டால் எல்லாவற்றிலும் இதுதான் பெரிய பிரச்சினை. நான் முன்பு சில காலம் ஓர் இணையச் சேவை நிறுவனத்தில் நெட்வொர்க் வேலை பார்த்தேன். தடை செய்ய வேண்டிய முகவரிகளின் பட்டியல் அவ்வப்போது வரும். முகவரி இருக்கும், காரணம் இருக்காது. சில நேரம் முகவரியிலேயே எழுத்துப் பிழை இருக்கும். என்ன எழுதியிருக்கிறதோ அதையே தடை செய்துவிட்டு அடுத்த வேலைக்குப் போவோம். திருப்பிக் கேட்பது எங்கள் வேலை இல்லை. அந்தத் தளத்தை நடத்தியவருக்கு யாராவது சொன்னார்களா என்பது எங்களுக்குத் தெரியவே தெரியாது. இந்தியாவில் அதே தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69ஏ பிரிவின் கீழ் தளங்களைத் தடை செய்வதற்கான 2009-ஆம் ஆண்டு விதிகளில் 16-ஆவது விதி, புகார்களையும் அவற்றின் மேல் எடுத்த நடவடிக்கையையும் ரகசியமாக வைக்கச் சொல்கிறது. உத்தரவுக்கு எழுத்தில் காரணம் இருக்க வேண்டும், அதை நீதிமன்றத்தில் எதிர்க்கலாம் என்று ஸ்ரேயா சிங்கால் தீர்ப்பே சொல்லித்தான் இந்தப் பிரிவை நிலைநிறுத்தியது. ஆனால் கையில் கிடைக்காத உத்தரவை எப்படி எதிர்ப்பது? உங்கள் பக்கம் திறக்கவில்லை என்பதை வைத்து நீங்களே ஊகிக்க வேண்டியதுதான்.

தடையின் தொழில்நுட்பத்தையும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் சட்டம் எழுதுகிறவர்கள் பலர் இதை நினைத்துப் பார்ப்பதே இல்லை. இன்று ஏறக்குறைய எல்லாத் தளங்களும் எச்டிடிபிஎஸ் என்ற, உள்ளடக்கத்தை மறைத்து அனுப்பும் முறை வழியாகத்தான் வருகின்றன. சேவை நிறுவனத்துக்கு நீங்கள் எந்தத் தளத்துக்குப் போகிறீர்கள் என்பது தெரியும், அதற்குள் எந்தப் பக்கம் என்பது தெரியாது. ஒரு கட்டுரையை மட்டும் மறைக்க வேண்டும் என்றால் தளம் தானாக நீக்க வேண்டும். இல்லாவிட்டால் மொத்தத் தளத்தையும் மூட வேண்டும். ஐபி முகவரியை, அதாவது தளம் இருக்கும் கணினியின் இணைய எண்ணை வைத்துத் தடுத்தால் நிலைமை இன்னும் மோசம், ஒரே முகவரியில் ஆயிரக்கணக்கான தளங்கள் குடியிருக்கலாம். 2018 ஏப்ரலில் ரஷ்யா டெலிகிராமைத் தடுக்கப் போய், அமேசான், கூகுள் சேவைகளைச் சேர்ந்த ஒரு கோடிக்கும் மேற்பட்ட ஐபி முகவரிகளை அடைத்தது. சம்பந்தமே இல்லாத கடைகளும் சேவைகளும் படுத்துவிட்டன. டெலிகிராம் மட்டும் ஓடிக்கொண்டே இருந்தது. இரண்டு ஆண்டு கழித்து ரஷ்யாவே அந்தத் தடையை விலக்கிக்கொண்டது.

2008 பிப்ரவரி 24 அன்று நடந்தது இதைவிட வேடிக்கை. யூடியூபைத் தன் நாட்டுக்குள் தடுக்க பாகிஸ்தான் டெலிகாம் நிறுவனம், யூடியூபுக்கு வழி இதுதான் என்று நெட்வொர்க்குகளுக்கு ஒரு போலி வழித்தடத்தை அறிவித்தது. அது நாட்டுக்குள் நிற்காமல் மேலிருந்த வெளிநாட்டு நெட்வொர்க் வழியாக உலகம் முழுக்கப் பரவிவிட்டது. யூடியூபுக்குப் போக வேண்டிய உலகப் போக்குவரத்தின் பெரும்பகுதி பாகிஸ்தானை நோக்கித் திரும்பி அங்கே மறைந்துபோனது. சுமார் இரண்டு மணி நேரம் உலகத்துக்கே யூடியூப் இல்லை. ஒரு நாட்டின் தடை உத்தரவு எல்லையில் நிற்கும் என்பதற்கு உத்தரவாதம் எதுவும் இல்லை.

மொத்த இணையத்தையும் நிறுத்துவது பற்றி நீட்டிப் பேச வேண்டியதில்லை. மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துகிற வேலை அது. எகிப்து 2011 ஜனவரி இறுதியில் ஏறக்குறைய ஐந்து நாள் இணையத்தை அணைத்துப் பார்த்தது, போராட்டம் அணையவில்லை. காஷ்மீரில் 2019 ஆகஸ்டில் நிறுத்திய இணையம் பட்டியலிட்ட சில தளங்களுக்கு மட்டும், அப்புறம் 2ஜி வேகத்தில் என்று துளித்துளியாகத் திரும்பி, 4ஜி வர 2021 பிப்ரவரி ஆனது. நடுவில், 2020 ஜனவரி 10 அன்று, அனுராதா பாசின் வழக்கில் உச்ச நீதிமன்றம் இரண்டு விஷயங்களைச் சொன்னது. காலவரையின்றி நிறுத்தக் கூடாது. நிறுத்தும் உத்தரவுகளை வெளியிட வேண்டும். என் பார்வையில் இரண்டாவதுதான் கனமானது. வெளியே வராத உத்தரவு இத்தனை நாளைக்கு, இந்தக் காரணத்துக்காக என்று தெளிவாக எழுதப்பட்டிருக்கும் என்று நம்ப முடியாது. நாலு பேர் படிப்பார்கள் என்று தெரிந்தால்தான் எழுதுகிறவரின் பேனா நிதானமாகும்.

இதோடு ஒட்டிய இன்னொன்று: நிறுவனம் செய்த தப்புக்குத் தண்டனையை மக்கள் தலையில் வைப்பது. நேபாள அரசு 2025 செப்டம்பர் 4 அன்று, பதிவு செய்துகொள்ளவில்லை என்பதற்காக 26 சமூக ஊடகத் தளங்களை மூடியது. வெளிநாட்டு நிறுவனம் உள்ளூரில் பதிவு செய்துகொள்ள வேண்டும், புகார் வாங்க ஓர் ஆள் வேண்டும் என்பது நியாயமான கோரிக்கைதான், நானே ஆதரிப்பேன். ஆனால் அடி விழுந்தது பயனர்கள் மீது. ஊழல் மீது ஏற்கெனவே இருந்த கோபத்தோடு இதுவும் சேர, 8-ஆம் தேதி இளைஞர்கள் தெருவுக்கு வந்தார்கள். அன்று மட்டும் 19 பேர் உயிரிழந்தார்கள். இரவோடு இரவாகத் தடை நீங்கியது, மறுநாள் பிரதமர் பதவி விலகினார். நிறுவனத்தின் மீது கோபம் என்றால் விளம்பர வருமானத்தில் கை வைக்கலாம், அபராதம் போடலாம். அங்கே கடை நடத்துகிறவரின் வழியை ஏன் அடைக்க வேண்டும்?

அடுத்து என்கிரிப்ஷன், அதாவது மறையாக்கம்: அனுப்புகிறவரும் பெறுகிறவரும் தவிர வேறு யாரும் படிக்க முடியாதபடி செய்தியைப் பூட்டுவது. இதில் நான் சமரசத்துக்குத் தயாராக இல்லாதவன், முன்பே சொல்லிவிடுகிறேன். எதிர்த்தரப்பு வாதம் இது: குற்றவாளிகள் பூட்டிய செயலிகளுக்குள் பேசுகிறார்கள், நீதிமன்ற உத்தரவோடு வந்தால் மட்டும் திறக்கிற மாதிரி ஒரு தனி வழி வையுங்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் உத்தரவு இருப்பவருக்கு மட்டும் திறக்கிற கதவு என்று கணிதத்தில் ஒன்று கிடையாது. கதவு இருக்கிறதா இல்லையா, அவ்வளவுதான்.

இதற்குக் கிரேக்க நாட்டில் நடந்ததைவிட நல்ல சாட்சி வேண்டாம். 2004-இல் ஏதென்ஸ் ஒலிம்பிக்ஸ் நடந்த சமயத்தில் தொடங்கிப் பல மாதங்கள், ஒரு பெரிய செல்பேசி நிறுவனத்தின் இணைப்பகங்களுக்குள் யாரோ புகுந்து நூற்றுக்கும் மேற்பட்டவர்களின் பேச்சை ஒட்டுக்கேட்டார்கள். பிரதமரின் தொலைபேசியும் அதில் ஒன்று. புகுந்தவர்கள் ஒட்டுக்கேட்கும் வசதியைப் புதிதாகக் கட்டவில்லை. காவல்துறைக்கு உதவ என்று இணைப்பகத்தின் மென்பொருளில் ஏற்கெனவே இருந்த சட்டப்பூர்வ ஒட்டுக்கேட்பு வசதியைத்தான் திருப்பிப் பயன்படுத்தினார்கள். 2024-இல் சீனாவோடு தொடர்புடையவர்கள் என்று அமெரிக்க அரசு சொன்ன ஊடுருவல்காரர்கள் அந்நாட்டுத் தொலைத்தொடர்பு நிறுவனங்களுக்குள் நுழைந்தபோதும் நீதிமன்ற உத்தரவின் பேரில் கண்காணிக்கப்பட்டவர்களின் தகவல்கள் சில அவர்கள் கைக்குப் போயின. அந்த ஆண்டு இறுதியில் அமெரிக்க இணையப் பாதுகாப்பு அமைப்பே, முக்கியப் பொறுப்பில் இருப்பவர்கள் முழுமையாக மறையாக்கம் செய்யப்பட்ட செயலிகளில் பேசுங்கள் என்று அறிவுரை சொன்னது. பல ஆண்டுகளாக அதே செயலிகளைப் பற்றி அதே அரசின் புலனாய்வுத் துறை குறைபட்டுக்கொண்டிருந்தது தனிக்கதை.

இந்தியாவின் 2021-ஆம் ஆண்டு தகவல் தொழில்நுட்ப விதிகள் கதவு கேட்கவில்லை, ஒரு செய்தியை முதலில் அனுப்பியவர் யார் என்று மட்டும் கேட்கின்றன. வாட்ஸ்அப் அதை எதிர்த்து டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனது. உள்ளடக்கத்தைக் கேட்கவில்லையே, இதில் என்ன என்று பலர் கேட்கிறார்கள். நாளைக்கு எந்தச் செய்தியைப் பற்றிக் கேள்வி வரும் என்று இன்றைக்குத் தெரியாது. ஆகவே எல்லாருடைய எல்லாச் செய்திகளுக்கும் இன்றைக்கே ஓர் அடையாளம் போட்டு வைக்க வேண்டும். அம்மா அனுப்பிய காலை வணக்கத்துக்கும் சேர்த்து. அதோடு, முதலில் அனுப்பியவர் என்று சிக்குபவர் உண்மையில் வேறெங்கோ பார்த்ததை இங்கே நகலெடுத்துப் போட்ட ஓர் அப்பாவியாகவும் இருக்கலாம்.

குழந்தைகள் விஷயத்தில் எனக்கு இவ்வளவு உறுதி இல்லை. 16 வயதுக்குக் கீழ் உள்ளவர்கள் சமூக ஊடகக் கணக்கு வைத்திருக்கக் கூடாது என்ற ஆஸ்திரேலியச் சட்டம் 2025 டிசம்பரில் நடைமுறைக்கு வந்தது. பெற்றோரின் கவலை உண்மையானது. அதை ஏளனம் செய்கிற தொழில்நுட்பக்காரர்கள் மேல் எனக்குக் கோபம்தான் வரும். ஆனால் 16 வயதுக்குக் கீழ் உள்ளவரைக் கண்டுபிடிக்க 60 வயதுக்காரரும் தன் வயதை நிரூபிக்க வேண்டிவரலாம். அந்த முகப்படமும் அடையாள அட்டை நகலும் எங்கே போய்ச் சேர்கின்றன, எத்தனை நாள் கிடக்கின்றன என்பதைச் சட்டத்திலேயே எழுதாவிட்டால், குழந்தைகளைக் காப்பாற்றுகிறேன் என்று பெரியவர்களின் பெயரில்லாமல் பேசும் உரிமையைப் பறித்ததாக முடியும்.

பொய்ச் செய்தியைப் பற்றியும் கேட்பீர்கள். இங்கே என் அளவுகோல் மிக எளிது: தன்னைப் பற்றிய செய்தி பொய்யா என்று தானே தீர்ப்புச் சொல்லும் அதிகாரம் அரசுக்கு இருக்கக் கூடாது. 2023-இல் இந்திய விதிகளில் அப்படி ஓர் உண்மை கண்டறியும் பிரிவைக் கொண்டுவந்தார்கள். மத்திய அரசின் பணிகள் குறித்த செய்தியை அந்தப் பிரிவு பொய் என்று குறித்தால், அதை விட்டுவைக்கிற தளம், பயனர் எழுதியதற்குத் தான் பொறுப்பில்லை என்ற சட்டப் பாதுகாப்பை இழக்க நேரும் என்றிருந்தது. பம்பாய் உயர் நீதிமன்றத்தில் முதலில் இரு நீதிபதிகள் ஆளுக்கொரு பக்கம் நின்றார்கள். மூன்றாவது நீதிபதி 2024 செப்டம்பரில் அது செல்லாது என்று சொன்ன பிறகு முடிவானது. சிங்கப்பூரின் 2019 சட்டம் இதே அதிகாரத்தை அமைச்சர்களுக்கே கொடுக்கிறது. திருத்தம் போடு என்று அமைச்சர் முதலில் ஆணையிடுவார், நீதிமன்றம் அதற்கப்புறம். அந்த 'அப்புறம்' என்ற சொல்லுக்குள்தான் தேர்தல்கள் வந்து போய்விடுகின்றன.

நீதிபதியிடம் கொடுத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். 2024 ஆகஸ்ட் இறுதியில் பிரேசிலில் எக்ஸ் தளத்தை முடக்கியது உச்ச நீதிமன்ற நீதிபதிதான். நாட்டுக்குள் சட்டப் பிரதிநிதியை நியமிக்கவில்லை என்பது முக்கியக் காரணம். தடையைச் சுற்றிப்போக உதவும் வி.பி.என். வழியாக அதைப் பயன்படுத்துகிற தனிநபருக்கும் நாளொன்றுக்கு 50,000 பிரேசிலிய ரெயால் அபராதம் என்று அந்த உத்தரவில் இருந்தது. நிறுவனத்தோடு இருந்த சண்டையில் நியாயம் நீதிமன்றத்தின் பக்கம் என்றுகூட நான் வாதிடுவேன், ஆனால் வி.பி.என். வைத்திருக்கிற மாணவன் என்ன செய்தான்?

இப்போதைக்கு இருப்பதில் நான் ஓரளவு ஏற்பது 2024 பிப்ரவரியிலிருந்து முழுமையாக நடப்பில் உள்ள ஐரோப்பிய ஒன்றியத்தின் டிஜிட்டல் சேவைகள் சட்டத்தின் போக்கு. எந்தப் பேச்சு தப்பு என்று அது புதிதாக எழுதவில்லை. அதை ஏற்கெனவே உள்ள சட்டங்களுக்கு விட்டுவிட்டது. உங்கள் பதிவை நீக்கினால் காரணத்தை உங்களுக்கே எழுதிக் கொடு, இலவசமாக மேல்முறையீடு செய்ய விடு, நாலரைக் கோடிக்கு மேல் ஐரோப்பியப் பயனர்கள் உள்ள தளம் என்றால் உன் பரிந்துரைக் கட்டமைப்பு என்ன கேடு விளைவிக்கக்கூடும் என்று ஆண்டுதோறும் மதிப்பிடு, ஆய்வாளர்களுக்குத் தரவைத் திற என்று கேட்கிறது. மீறினால் உலக வருமானத்தில் 6 சதவீதம் வரை அபராதம். 2025 டிசம்பரில் இச்சட்டத்தின் கீழ் எக்ஸ் மீது விழுந்த 12 கோடி யூரோ அபராதமும் யாரோ எழுதிய பதிவுக்காக இல்லை; நீலக்குறி பயனர்களை ஏமாற்றுகிறது, விளம்பரக் களஞ்சியம் சரியில்லை, ஆய்வாளர்களுக்கு வழிவிடவில்லை என்பதற்காக. தண்ணீரில் என்ன கலந்திருக்கிறது என்று குழாய்க்காரரைக் கேட்பது அரசின் வேலை. நீங்கள் யாரோடு என்ன பேசிக்கொண்டே அந்தத் தண்ணீரைக் குடித்தீர்கள் என்பது இல்லை. இந்தச் சட்டத்திலும் குறைகள் உண்டு. நடுத்தர நிறுவனங்களுக்குக் காகித வேலை அதிகம், நெருக்கடிக் காலத்தில் ஐரோப்பிய ஆணையத்துக்குக் கிடைக்கும் அதிகாரம் எனக்கு உவப்பானதில்லை. ஆனாலும் நீக்கப்பட்டவர் கையில் ஒரு தாள் கிடைக்கிறது.

கடைசியாக, நடைமுறைக்கு ஒன்று. புதிய இணையச் சட்டம் வந்தால் நான் அதைப் பின்பக்கத்திலிருந்து படிப்பேன். முன்பக்கத்தில் முகவுரை இருக்கும், உரிமைகள் இருக்கும், எல்லாம் அழகாக இருக்கும். விலக்குகளும் பிற சட்டங்களில் செய்யும் திருத்தங்களும் பின்னால்தான் வரும். இந்தியாவின் 2023-ஆம் ஆண்டு தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். நிறுவனங்களிடமிருந்து நம் தகவலைக் காக்க நெடுநாள் காத்திருந்து கிடைத்த சட்டம், வரவேற்க வேண்டியதுதான். 17-ஆவது பிரிவுக்கு வந்தால், மத்திய அரசு அறிவிக்கிற தன் அமைப்புகளுக்கு அது பொருந்தாமல் போகலாம் என்று இருக்கிறது. இன்னும் கீழே போனால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு திருத்தம். தனிப்பட்ட தகவல் என்றாலும் பொதுநலன் பெரிது என்றால் அதிகாரி தரலாம் என்று 8(1)(ஜே) உட்பிரிவில் இருந்த வாசகத்தை எடுத்துவிட்டு, தனிப்பட்ட தகவலா, தர வேண்டியதில்லை என்று சுருக்கிவிட்டார்கள். 8(2) என்ற பொது விதிவிலக்கு இன்னும் மிச்சம் இருக்கிறது, அதைப் பிடித்துக்கொண்டுதான் இனி வாதாட வேண்டும். சட்டத்தில் மொத்தம் 44 பிரிவுகள். இந்தத் திருத்தம் இருப்பது 44-ஆவதில்.